சூடானதும் நின்றுபோகும் பழைய சான்ட்ரோ: ஃப்யூல் பம்ப்தான் என்று எப்படி உறுதி செய்வது?

தண்டையார்பேட்டை_சான்ட்ரோ:

வணக்கம். வண்டி 2006 சான்ட்ரோ ஜிங், பெட்ரோல். அப்பா வாங்கியது, இப்போது நான் ஓட்டுகிறேன். காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது, ஐடிலிங் சுத்தமாக இருக்கிறது, கொஞ்ச தூரம் வரை ஒரு குறையும் தெரியாது. அப்புறம் டிராஃபிக்கில் மாட்டி வண்டி நன்றாகச் சூடானால் முதலில் பிக்கப் குறைகிறது, மூலக்கடை மேம்பாலம் ஏறும்போது ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் இழுக்காமல் குலுங்குகிறது, பிறகு ஏதாவது ஒரு சிக்னலில் அப்படியே அணைந்துவிடுகிறது. அப்போது செல்ஃப் நன்றாகச் சுற்றும், ஆனால் எஞ்சின் பிடிக்காது. இருபது நிமிடம், அரை மணி நேரம் விட்டுவிட்டு அடித்தால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிவிடும். டெம்பரேச்சர் முள் எப்போதும் நடுவில்தான் நிற்கிறது, கூலன்ட் அளவும் சரியாக இருக்கிறது.

இரண்டு ஷெட்டில் காட்டினேன். ஒருவர் நான் சொல்லி முடிப்பதற்குள் பம்ப் போய்விட்டது, முழு செட்டாக மாற்ற வேண்டும் என்றார், ஆறாயிரத்துக்கு மேல் ஆகும் என்கிறார். இன்னொருவர் இக்னிஷன் காயில் என்கிறார். இரண்டு பேருமே மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை. பிளக், ஏர் ஃபில்டர் எல்லாம் போன சர்வீஸில்தான் மாற்றினோம்.

பணம் செலவழிக்க வேண்டியது என்றால் செலவழித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் பம்ப்பை மாற்றிய பிறகும் அதே இடத்தில் நின்றால் என்ன செய்வது? அப்பாவை ஸ்டான்லிக்கு செக்கப்புக்கு அழைத்துப் போவது இந்த வண்டியில்தான், எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அவரை வைத்துக்கொண்டு நின்றுபோகும் நிலைமை வரக் கூடாது. என்னிடம் ஒரு மல்டிமீட்டர் இருக்கிறது, ஸ்பேனர் செட் இருக்கிறது. பம்ப்தானா வேறு ஏதாவதா என்று வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மூலக்கடை_ஒயரிங்:

தம்பி, நான் கார் ஒயரிங் வேலை பார்க்கிறவன். நீங்கள் சொல்லும் அறிகுறியைக் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் பம்ப் என்றுதான் சொல்வார்கள், அது தப்பும் இல்லை. மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்துபோய்விட்டால் குளிர்ச்சியாக இருக்கும்போது ஓடும், சூடானால் திணறும், ஆறினால் திரும்ப ஓடும். ஆனால் இதே மாதிரி, அச்சு அசலாக இதே மாதிரி, நிறுத்துகிற சாமான் இன்னொன்று இருக்கிறது. அது கிராங்க் சென்சார், எஞ்சின் சுற்றுவதைக் கண்டு சொல்கிற சாமான். அதுவும் சூட்டில் சிக்னல் கொடுக்காமல் போகும், ஆறினால் சரியாகும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் பம்ப் வாங்கக் கூடாது.

வண்டி நன்றாக இருக்கும்போது, காலையில், பின் சீட்டைத் தூக்கிவிட்டு ஒருவரை அங்கே காதை வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். உங்கள் வண்டியில் பம்ப் பின் சீட்டுக்குக் கீழே, தரையில் உள்ள சின்ன மூடிக்கு அடியில் இருக்கிறது. சாவியை ஆன் மட்டும் செய்தால் பெரும்பாலான எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் பீய்ச்சும்) வண்டிகளில் இரண்டு விநாடி "ஊம்ம்" என்று ஒரு சத்தம் வந்து நிற்கும். அப்புறம் செல்ஃப் அடிக்கும்போது மறுபடி வரும். நல்ல நிலைமையில் உங்கள் வண்டியின் சத்தம் எப்படி என்று காது பழகிக்கொள்ளட்டும், ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் அளவு.

இப்போது ரோட்டில் வண்டி நின்றுபோகும்போது அதே சோதனையைச் செய்யுங்கள். சாவி ஆன் செய்ததும் சத்தம் வருகிறது, ஆனால் செல்ஃப் அடிக்கும்போது பம்ப் ஓடவில்லை என்றால் பம்ப்பைச் சந்தேகப்படாதீர்கள். எஞ்சின் சுற்றுகிறது என்ற சிக்னல் கிராங்க் சென்சாரிலிருந்து வந்தால்தான் ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பம்ப் ரிலேவைப் பிடித்து வைக்கும். சிக்னல் இல்லை என்றால் ஸ்பார்க்கும் கிடையாது, பம்ப்பும் கிடையாது, விபத்தில் எஞ்சின் நின்ற பிறகும் பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். பம்ப் ஓடாததைப் பார்த்து பம்ப்பை மாற்றி, காசைத் தொலைத்தவர்கள் என்னிடம் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். ஆர்பிஎம் மீட்டர் உள்ள மாடல் என்றால் செல்ஃப் அடிக்கும்போது முள் கொஞ்சமாவது அசைகிறதா பாருங்கள், அடியோடு அசையவில்லை என்றால் அதுவும் கிராங்க் சென்சார் பக்கம்தான் கை காட்டுகிறது. ஸ்பார்க் டெஸ்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஸ்பார்க் இருக்கிறது, வண்டி பிடிக்கவில்லை என்றால் காயில் பக்கம் போக வேண்டாம், பெட்ரோல் வரவில்லை என்று அர்த்தம்.

சாவி ஆன் செய்ததும் சத்தமே இல்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, ஒயர், பம்ப் என்ற வரிசையில் போங்கள். ரிலேவைச் சோதிக்க சுலபமான வழி, அதே நம்பர் உள்ள வேறு ஒரு ரிலேவை மாற்றிப் போட்டுப் பார்ப்பது. ஹாரன் ரிலே பல வண்டிகளில் அதேதான்.

அடுத்தது மீட்டர். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பம்ப் கப்ளரை (ஒயர்கள் பம்ப்போடு சேரும் பிளாஸ்டிக் இணைப்பை) கழற்றிவிட்டு மீட்டரை வைத்து 12 வோல்ட் வருகிறது, ஒயரிங் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்வார்கள். கழற்றிய கப்ளரில் கரன்ட் ஓடவில்லை தம்பி. பத்து இழை உள்ள ஒயரில் ஒன்பது அறுந்து ஒரே இழை மிச்சம் இருந்தாலும் மீட்டர் 12 என்றுதான் காட்டும். கப்ளர் மாட்டியிருக்க வேண்டும், பம்ப் ஓட வேண்டும், பின்பக்கமாக மெல்லிய பின்னை நுழைத்து அப்போது அளக்க வேண்டும். மீட்டரின் கறுப்பு ஒயரை பேட்டரி நெகட்டிவில் வையுங்கள், சிவப்பை பம்ப்பின் எர்த் பின்னில் வையுங்கள். பம்ப் ஓடும்போது அங்கே 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் காட்டினால் எர்த் சரியில்லை, அந்த வோல்ட் எல்லாம் துருப்பிடித்த இடத்தில் சூடாகி வீணாகப் போகிறது. அதே மாதிரி பேட்டரி பாசிட்டிவுக்கும் பம்ப் பாசிட்டிவ் பின்னுக்கும் நடுவே எவ்வளவு விழுகிறது என்றும் பாருங்கள், அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

இதை எல்லாம் பார்த்துவிட்டு ரீடிங்கை இங்கே போடுங்கள். வண்டி சூடாக இருக்கும்போது எடுத்த ரீடிங்தான் வேண்டும், காலையில் எடுத்தது எதற்கும் உதவாது.


பெரம்பூர்_பத்மினி:

மேலே ஒயரிங் அண்ணா சொன்னது எல்லாம் டேங்க்குக்குள் மின்சாரப் பம்ப் உள்ள வண்டிக்கு. பழைய பத்மினி, அம்பாசிடர், கார்புரேட்டர் வைத்த 800 வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. அவற்றில் பம்ப் எஞ்சின் மேலேயே இருக்கும், கேம்ஷாஃப்ட் தள்ளித் தள்ளி டயஃப்ரம் ஏறி இறங்கும், கரன்ட்டே கிடையாது. கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி ஒரு டப்பாவுக்குள் விட்டு, ஸ்பார்க் வராதபடி காயில் ஒயரை எடுத்துவிட்டு, செல்ஃப் அடித்தால் பெட்ரோல் துடிப்புத் துடிப்பாகப் பீய்ச்ச வேண்டும். சொட்டினால் டயஃப்ரமோ வால்வோ போய்விட்டது. டயஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் எஞ்சின் ஆயிலுக்குள் இறங்கும், டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்கள், பெட்ரோல் வாசனை வந்தால் வண்டியை ஓட்டாதீர்கள், ஆயில் நீர்த்துப்போய் பேரிங்கைத் தின்றுவிடும்.

சென்ட்ரலில் ஓடிய அம்பாசிடர் டாக்சிக்காரர்கள் மே மாதத்தில் பம்ப் மேல் ஈரத் துணி சுற்றி ஓட்டுவார்கள், பார்த்திருப்பீர்கள். அது வேப்பர் லாக்குக்காக. எஞ்சின் சூட்டில் பெட்ரோல் ஆவியாகிவிட்டால் அந்தப் பம்ப்பால் ஆவியை இழுக்க முடியாது. சான்ட்ரோ மாதிரி டேங்க்குக்குள்ளிருந்து அழுத்தத்தோடு தள்ளும் வண்டியில் அது சாதாரணமாக வராது, அதனால் யாராவது ஈரத் துணி போடச் சொன்னால் உங்கள் வண்டிக்கு அது வைத்தியம் இல்லை.


எண்ணூர்_கடற்கரை:

நம்ம பக்கத்துக் காற்றை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டி நிறுத்தி வைக்கும் வண்டிகளில் எர்த் பாயின்ட் எல்லாம் உப்புக் காற்றில் பச்சை பிடித்துப் போகும். வெளியே பார்த்தால் போல்ட் இறுக்கமாகத்தான் இருக்கும், கழற்றினால் அடியில் பெயின்ட் உப்பிக்கொண்டு துரு படிந்திருக்கும். அதனால் ஒயரிங் அண்ணா சொன்ன எர்த் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள்.

இன்னொன்று, வண்டி எப்போதாவது தண்ணீரில் நின்றதா? 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் நம்ம ஏரியாவில் சீட் வரை தண்ணீர் ஏறிய வண்டிகள் எத்தனையோ. பின் சீட்டுக்கு அடியில் உள்ள கப்ளர் அப்படி ஒரு முறை நனைந்தால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது, ஒன்றிரண்டு வருஷம் கழித்துத்தான் தெரியும். டேங்க்குக்குள் தண்ணீர் போயிருந்தாலும் தொல்லைதான், தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம், அடியில் தங்கும், பம்ப் உறிஞ்சுகிற ஸ்ட்ரெய்னரும் (வலை வடிகட்டியும்) அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோலில் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தால் முதலில் எத்தனால் அதைத் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும், அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். 2006 வண்டியின் ரப்பர் ஹோஸ்கள் எல்லாம் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலை நினைத்துச் செய்தவை இல்லை. எஞ்சின் பக்கம் உள்ள ஹோஸை விரலால் அழுத்திப் பாருங்கள், வெடிப்போ பிசுபிசுப்போ தெரிந்தால் அதையும் இதோடு மாற்றிவிடுங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி. வண்டியை எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுகிறீர்களா? இருநூறு ரூபாய், முந்நூறு ரூபாய் என்று போட்டு ஓட்டுகிற வண்டியில் பம்ப் சீக்கிரம் சாகும். அந்த மோட்டாரைக் குளிர வைப்பதே அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான், ஏசி போட்டு டிராஃபிக்கில் நிற்கிற வண்டியில் டேங்க் காலியாக இருந்தால் மோட்டார் சூட்டிலேயே வேகிறது. கால் டேங்க்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.


தண்டையார்பேட்டை_சான்ட்ரோ:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றே ஏசி போட்டு, மாதவரம் வரை போய்த் திரும்பி, தெரு முனையில் வண்டி திணற ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டு சீட்டைத் தூக்கினேன். சாவி ஆன் செய்ததும் பம்ப் சத்தம் வருகிறது, ஆனால் காலையில் கேட்ட சத்தம் இல்லை, இழுத்து இழுத்து மந்தமாக வருகிறது. செல்ஃப் அடிக்கும்போதும் அதே மந்தமான சத்தம் தொடர்ந்து வருகிறது, ஸ்பார்க் டெஸ்டரில் நல்ல நீல ஸ்பார்க். அதனால் கிராங்க் சென்சார், காயில் இரண்டும் இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

எர்த் பின்னில் 2.6 வோல்ட் காட்டியது! பாசிட்டிவ் பக்கம் 0.4. கப்ளரைப் பிரித்துப் பார்த்தால் எர்த் பின் இருக்கும் இடத்தில் வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பு நிறமாகி, ஓரம் லேசாக உருகி, பின் தளர்ந்து ஆடிக்கொண்டிருக்கிறது. பின் மேல் இருந்த பளபளப்பு எல்லாம் போய் ஊதா கலந்த கறுப்பாக இருக்கிறது. தொட்டால் கை சுடுகிற அளவுக்குச் சூடு.

வெள்ளத்தில் நின்றதா என்று கேட்டிருந்தீர்கள். 2023-ல் டயர் பாதி வரைதான் வந்தது, உள்ளே ஏறவில்லை. ரிசர்வில் ஓட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை, ஆனால் அப்பா அப்படித்தான் ஓட்டுவார், நீங்கள் சொன்னதை அவரிடமும் சொன்னேன்.

அப்படியானால் கப்ளரை மட்டும் மாற்றினால் போதுமா? பம்ப் நன்றாகத்தான் இருக்கிறதா?


மூலக்கடை_ஒயரிங்:

அருமையாகப் பார்த்திருக்கிறீர்கள். முதலில் கப்ளரை மாற்றுங்கள், ஆனால் அதோடு வேலை முடியாது. அந்தப் பின் ஏன் வெந்தது என்று கேட்க வேண்டும். தளர்ந்த பின் சூடாகும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், பம்ப் தேய்ந்தோ ஸ்ட்ரெய்னர் அடைத்தோ கஷ்டப்பட்டுச் சுற்றும்போது அதிகக் கரன்ட் இழுக்கும், அந்தக் கரன்ட் வழியில் எது பலவீனமோ அதை வேகவைக்கும். பம்ப் ஃப்யூஸைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து அளந்து பாருங்கள் (சிவப்பு ஒயரை மீட்டரில் 10 ஏ துளைக்கு மாற்ற மறக்காதீர்கள், வேலை முடிந்ததும் திரும்ப மாற்றவும் மறக்காதீர்கள்). இந்த அளவு வண்டியில் 4, 5 ஆம்பியர் என்றால் ஆரோக்கியம். 8, 9 என்று போனால் பம்ப்பைத் தள்ளிவிட வேண்டியதுதான்.

கப்ளர் விஷயத்தில் ஒரு யோசனை. தனிப் பின் வாங்கிப் போட்டு உருகிய பிளாஸ்டிக்கிலேயே சொருகாதீர்கள். புதுப்பேட்டையில் உடைக்கும் சான்ட்ரோவிலிருந்து ஒரு சாண் ஒயரோடு வெட்டிய கப்ளர் கிடைக்கும், பின்கள் வெள்ளையாக இருக்கிறதா என்று பார்த்து எடுத்துக்கொண்டு வாருங்கள், ஒவ்வொரு ஒயரையும் கிரிம்ப் செய்து சாலிடர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடுங்கள். கையால் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றும் வேலை பெட்ரோல் டேங்க் மேல் வேண்டவே வேண்டாம். எர்த் ஒயர் பாடியில் சேரும் இடத்தையும் கழற்றி உலோகம் தெரியும் வரை தேய்த்து, மாட்டிய பிறகு மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள்.

ஒயரிங் சரியான பிறகுதான் பிரஷர் பார்க்க வேண்டும், 10 வோல்ட்டில் ஓடும் பம்ப்பின் பிரஷரை அளந்து அதற்குக் கெட்ட பேர் கொடுக்கக் கூடாது. ஃப்யூல் ரெயிலுக்கு (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாய்க்கு) வரும் லைனில் டி போட்டு மாட்டும் கேஜ், பழகிய ஷெட் எதிலாவது இருக்கும். 3 முதல் 3.5 பார், அதாவது ஏறக்குறைய 43 முதல் 50 பிஎஸ்ஐ நிற்க வேண்டும். சூடான பிறகு, ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது, முள் எங்கே போகிறது என்பதுதான் முக்கியம். எஞ்சினை அணைத்த பிறகும் முள் உடனே கீழே விழக் கூடாது. விழுந்தால் பம்ப்பின் செக் வால்வோ ரெகுலேட்டரோ இன்ஜெக்டரோ கசிகிறது, காலையில் நீளமாகச் செல்ஃப் அடிக்க வேண்டி வரும்.


தண்டையார்பேட்டை_சான்ட்ரோ:

கப்ளர் மாற்றியாயிற்று, எர்த் இப்போது 0.1 வோல்ட். பிக்கப் நன்றாகவே மாறியிருக்கிறது, பாலம் ஏறும்போது குலுங்கவில்லை. ஆனால் கரன்ட் 7.8 ஆம்பியர் இழுக்கிறது. கேஜ் மாட்டிப் பார்த்ததில் காலையில் 3.2 பார், சூடானதும் ஐடிலிங்கில் 2.4, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் 1.8-க்கு இறங்குகிறது. அதனால் பம்ப்பும் போகப் போகிறது என்று புரிகிறது. மோட்டார் மட்டும் மாற்றலாமா, முழு செட்டா? நானே மாற்ற முடியுமா? எங்கள் அபார்ட்மென்ட்டில் கீழே மூடிய பார்க்கிங் இருக்கிறது, வெயில் இல்லாமல் அங்கே செய்யலாம் என்று நினைக்கிறேன்.


ராயபுரம்_ஷெட்:

மூடிய பார்க்கிங்கில் கண்டிப்பாகச் செய்யாதீர்கள் தம்பி. இதை வேகமாக எழுதுகிறேன், முதலில் இதைப் படித்துவிட்டுத்தான் மற்றதைப் படிக்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், மேலே போகாது, தரையோடு பரவி பள்ளத்தில் தேங்கும். கீழ்த்தளத்தில் தண்ணீர் மோட்டார், லைட் ஸ்விட்ச், யாரோ ஒருவர் ஸ்டார்ட் செய்யும் ஸ்கூட்டர், எதில் பொறி வந்தாலும் முடிந்தது. டேபிள் ஃபேன் வைத்து ஆவியை விரட்டலாம் என்று சிலர் செய்வார்கள், அந்த ஃபேனின் ஸ்விட்சிலோ மோட்டாரிலோ பொறி வரலாம். திறந்த வெளியில், காற்றோட்டமான இடத்தில், காலை நேரத்தில் செய்யுங்கள். பக்கத்தில் நெருப்பணைக்கும் பவுடர் சிலிண்டர் ஒன்று கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். வெளிச்சத்துக்கு எல்இடி டார்ச், அதையும் மூடியைத் திறப்பதற்கு முன்பே எரியவிட்டு வைத்துவிடுங்கள். போனைத் தூரமாக வைத்துவிடுங்கள், வீடியோ எல்லாம் வேண்டாம்.

டேங்க் கால்வாசிக்குக் கீழே இருக்கும்போது செய்தால் சுலபம். முதலில் பிரஷரை இறக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது பம்ப் ஃப்யூஸை எடுத்துவிடுங்கள், தானாக அணையும், அப்புறம் ஓரிரு முறை செல்ஃப் அடியுங்கள். பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். சீட்டுக்கு அடியில் மூடியை எடுத்ததும் பம்ப் தலையைச் சுற்றி வருஷக்கணக்கான மண் இருக்கும், அதை பிரஷ்ஷாலும் ஈரத் துணியாலும் சுத்தமாக எடுத்துவிட்டுத்தான் மேலே தொட வேண்டும். இந்த ஒரு வேலையை அவசரத்தில் விட்டுவிட்டால் அவ்வளவு மண்ணும் டேங்க்குக்குள் விழுந்து புது ஸ்ட்ரெய்னரை அடைத்துவிடும். பம்ப் தலை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஹோஸைக் கழற்றும்போது துணி சுற்றிக் கழற்றுங்கள், மிச்சம் இருக்கும் பெட்ரோல் கண்ணில் தெறிக்கும்.

வெளியே எடுக்கும்போது நேராக இழுக்காதீர்கள். பெட்ரோல் அளவு காட்டும் மிதவைக் கம்பி ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும், சாய்த்து மெதுவாக எடுக்க வேண்டும். கம்பி வளைந்தால் கேஜ் பொய் சொல்லும். எடுத்ததும் டேங்க்கின் அடியைப் பாருங்கள், தண்ணீர் இருந்தால் பாதரசம் மாதிரி உருண்டு உருண்டு தெரியும். துருவோ கசடோ இருந்தால் டேங்க்கைச் சுத்தம் செய்யாமல் புதுப் பம்ப்பை இறக்குவது வீண்.

மோட்டார் மட்டுமா செட்டா என்று கேட்டீர்கள். மிதவையும் மேல் தலையும் நன்றாக இருந்தால் மோட்டார், ஸ்ட்ரெய்னர், ஓ-ரிங் மட்டும் போதும், பாதிக்கும் குறைவான செலவில் முடியும். ஃபில்டரும் பம்ப்போடு சேர்ந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள், அடைத்த ஃபில்டர் புது மோட்டாரையும் வேகமாகக் கொன்றுவிடும். ஜிபி ரோட்டில் எல்லாம் கிடைக்கும், ஆனால் பழைய மோட்டாரைக் கையில் எடுத்துக்கொண்டு போய் நீளம், குழாய் வாய், பின் மூன்றையும் ஒட்டி வைத்துப் பார்த்து வாங்குங்கள். பெயர் பெற்ற கம்பெனிப் பெட்டியில் டூப்ளிகேட் வருகிறது, அதனால் ஜிஎஸ்டி பில் போட்டுத் தரும் கடையில் வாங்குங்கள், விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பழைய பம்ப்பைப் புதுப்பேட்டையில் வாங்காதீர்கள், அது எத்தனை வருஷம் எந்த டேங்க்கில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது.

டேங்க்குக்குள் இருக்கும் ஹோஸ் துண்டு உள்ளே மூழ்கி இருப்பதற்கென்றே செய்தது. வெளியே போடும் சாதாரணப் பெட்ரோல் ஹோஸை வெட்டி உள்ளே போட்டால் வெளிப்பக்க ரப்பர் பெட்ரோலில் ஊறி உப்பி, சில மாதத்தில் பிய்ந்து போகும், பிரஷர் டேங்க்குக்குள்ளேயே கசியும். மோட்டாருக்கு பாசிட்டிவ், நெகட்டிவ் மாற்றிக் கொடுத்தாலும் அது சுற்றும், சத்தமும் வரும், ஆனால் எதிர்ப்பக்கமாகச் சுற்றுவதால் பெட்ரோல் ஏறாது, புதுப் பம்ப் கெட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள். ஓ-ரிங் புதிதாகத்தான் போட வேண்டும், பழையதற்கு மேல் பேஸ்ட் தடவுவது இந்த இடத்தில் ஆகாது, பெட்ரோலில் கரைந்து ஸ்ட்ரெய்னருக்குப் போகும்.

எல்லாம் மாட்டிய பிறகு பேட்டரியைக் கொடுத்து, செல்ஃப் அடிக்காமல் சாவியை மட்டும் நாலைந்து முறை ஆன், ஆஃப் செய்யுங்கள். லைனில் பெட்ரோல் நிறையும். ஹோஸ் வாயில் ஈரம் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.


தண்டையார்பேட்டை_சான்ட்ரோ:

ஷெட் அண்ணா, நீங்கள் சொன்னபடி வீட்டுக்கு எதிரே காலி மனையில் வைத்துச் செய்தோம், நண்பர் ஒருவர் கூட இருந்தார். ஸ்ட்ரெய்னர் வெள்ளையாக இருக்க வேண்டியது, தார் பூசியது போல் கறுத்துப்போய் வழவழவென்று இருந்தது. டேங்க் அடியில் தண்ணீர் இல்லை, மெல்லிய கசடு மட்டும், துடைத்து எடுத்துவிட்டேன். மோட்டார், ஸ்ட்ரெய்னர், ஓ-ரிங், உள் ஹோஸ் எல்லாம் புதிது. இப்போது கரன்ட் 4.3 ஆம்பியர், சூடான பிறகும் 3.3 பார் அசையாமல் நிற்கிறது. வெயிலில் ஏசி போட்டு மீஞ்சூர் வரை போய் வந்தோம், எங்கேயும் திணறவில்லை. அப்பாவும் கூட வந்தார், அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஒரே ஒரு குறை. கேஜ் முன்பு போல் காட்டவில்லை, பாதி டேங்க் போட்டால் கால் என்று காட்டுகிறது. அப்புறம் பின் சீட்டில் உட்கார்ந்தால் லேசாகப் பெட்ரோல் வாசனை வருகிறது என்று அம்மா சொல்கிறார். வேலை செய்த அன்று சிந்தியதாக இருக்குமா?


ராயபுரம்_ஷெட்:

கேஜ் பிறகு, வாசனை முதலில். அன்று சிந்தியது என்றால் கதவைத் திறந்து வைத்தால் ஓரிரு நாளில் போயிருக்க வேண்டும். பம்ப் தலை டேங்க்கின் மேல் இருக்கிறது, பாதி டேங்க்கில் ஓ-ரிங் சரியாக உட்காராவிட்டாலும் பெட்ரோல் வெளியே வராது, ஆவி மட்டும் வரும். முழு டேங்க் போட்டு வளைவில் திரும்பும்போதுதான் பெட்ரோல் அங்கே தளும்பிக் கசியும். அதனால் இப்போதைக்கு முழு டேங்க் போடாதீர்கள். மூடியைத் திறந்து பம்ப் தலையைச் சுற்றி வெள்ளை டிஷ்யூ காகிதத்தை ஒற்றிப் பாருங்கள், எந்த இடத்தில் ஈரம் அல்லது கறை தெரிகிறதோ அங்கே ஓ-ரிங் மடங்கியிருக்கும். ஸ்க்ரூக்களை ஒரே பக்கமாக வரிசையாக இறுக்கினாலும் தலை சாய்ந்து உட்காரும், எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். மடங்கிய ஓ-ரிங்கைத் திரும்பப் போடாமல் இன்னொன்று வாங்கிவிடுங்கள், விலை சொற்பம். ஹோஸ் மாட்டும் வாயையும், எஞ்சின் ஓடும்போது, டார்ச் அடித்துப் பாருங்கள், அங்கே பிரஷர் இருப்பதால் கசிந்தால் உடனே தெரியும். வாசனை போகும் வரை அப்பா அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போக வேண்டாம்.

எப்படியும் தலையைத் திறக்கத்தான் போகிறீர்கள், மிதவையையும் அப்போதே பார்த்துவிடலாம். கம்பி கொஞ்சம் மேல்பக்கமாக வளைந்திருக்கும், அல்லது தலையை மாட்டும்போது மார்க்கர் கோட்டுக்கு ஒரு ஸ்க்ரூ தள்ளி மாட்டியிருப்பீர்கள், மிதவை டேங்க் சுவரில் இடித்துக்கொண்டு மேலே ஏற முடியாமல் இருக்கும். பழைய செட்டின் படம் இருந்தால் அதோடு ஒப்பிட்டு, கம்பியை விரலால் துளி துளியாக நிமிர்த்துங்கள். வெளியே வைத்து மிதவையை மேலும் கீழும் நகர்த்தும்போது மீட்டரில் ஓம்ஸ் தடங்கல் இல்லாமல் சீராக மாற வேண்டும், நடுவில் எங்காவது அறுந்து அறுந்து காட்டினால் மிதவையோடு சேர்ந்த அளவு காட்டும் சென்டர் (sender) தேய்ந்துவிட்டது, அதை மட்டும் தனியாக மாற்றலாம்.